நான்காம் பக்கத்துக் கடிதம்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவு யாருடைய நினைவாக அமைந்திருக்கிறதோ, அவர் ஒரு நாளிதழில் வாழ்நாள் முழுக்க மெய்ப்புத் திருத்தியவர். கடைசிப் பதினோரு ஆண்டு நானும் அதே அலுவலகத்தில் இருந்தேன். தன் பெயரை யாராவது மைக்கில் சொன்னாலே நெளிகிற மனிதர். அதனால் 'ஐயா' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன், மன்னியுங்கள். எங்கள் செய்திகளின் ஓரத்தில் ஐயா சிவப்பு மையில் எழுதும் குறிப்புகளில் பாதி ஒற்றுப்பிழை பற்றியவை. மீதியெல்லாம் ஒரே கேள்விதான்: 'யார் சொன்னது?'

'முன்விரோதம் காரணமாக வெட்டிக் கொன்றுவிட்டுத் தப்பியோடினர்' என்று எழுதிக் கொடுப்போம். 'முன்விரோதம்' என்ற சொல்லுக்கு மேல் ஒரு வட்டம். யார் சொன்னது? "போலீஸ்தான் சொன்னாங்க ஐயா" என்றால், "அப்ப போலீஸ் சொல்றதா போடு. நீ சொல்றதா ஏன் போடறே?" என்பார். 'எனக் கூறப்படுகிறது', 'எனத் தெரிகிறது' என்ற வால்களை நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் அந்த வால்களையும் விடமாட்டார். யாரால் கூறப்படுகிறது? யாருக்குத் தெரிகிறது?

கொலை வழக்கைத் துப்பறியும் பத்திரிகையாளரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு சினிமா. முன்வரிசையில் ஒரு புருவம் உயர்வது தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயாவின் கேள்வியை இதைவிடக் கடுமையாகக் கேட்ட படம் எதையும் நான் பார்த்ததில்லை.

டேவிட் ஃபின்ச்சர் இயக்கி 2007-இல் வந்த அமெரிக்கப் படம் 'ஜோடியாக்'. ராசிச் சக்கரம் என்று பொருள். தமிழில் இந்தப் பெயரை அச்சடிப்பதில் ஒரு தொல்லை உண்டு, புள்ளி விடுபட்டால் 'ஜோடியாக' ஆகிவிடும். விளையாட்டாகத்தான் சொல்ல ஆரம்பித்தேன், ஆனால் முடிக்கும்போது சிரிப்பு வராது. போலீஸ் உறுதிசெய்த நான்கு தாக்குதல்களில் மூன்றில் அந்தக் கொலையாளி குறிவைத்தது, தனிமையில் காரிலோ ஏரிக்கரையிலோ உட்கார்ந்திருந்த ஜோடிகளைத்தான். கலிபோர்னியாவின் வட பகுதியில், 1968 டிசம்பர் 20 முதல் 1969 அக்டோபர் 11 வரை, ஐந்து பேர் செத்தார்கள், இரண்டு பேர் பிழைத்தார்கள். கொலையாளி இன்றுவரை பிடிபடவில்லை.

ஐந்து பேர் என்றேனே, பல இடங்களில் முப்பத்தேழு என்று படித்திருப்பீர்கள். யார் சொன்னது? கொலையாளி சொன்னது. 1974 ஜனவரியில் வந்த கடிதத்தின் அடியில் கிரிக்கெட் ஸ்கோர் போல ஒரு கணக்கு எழுதியிருந்தான்: தனக்கு 37, சான் பிரான்சிஸ்கோ போலீசுக்கு 0. அவன் எழுதிய எண் இன்னமும் அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தக் கதையில் பத்திரிகை அலுவலகம் வெளியே நின்று வேடிக்கை பார்த்த இடமல்ல. கொலையாளி அதை உள்ளே இழுத்துவிட்டான். வழக்கமான மர்மக் கதையில் கொலை நடக்கும், நிருபர் மோப்பம் பிடித்துக்கொண்டு போவார். இங்கே கொலையாளியே பத்திரிகையைத் தேடி வந்தான், தபாலில்.

1969 ஜூலை 31 அன்று சான் பிரான்சிஸ்கோ பகுதியின் மூன்று நாளிதழ்களுக்கு மூன்று உறைகள் அனுப்பப்பட்டன. கிரானிக்கிள், எக்சாமினர், வலேஹோ டைம்ஸ்-ஹெரால்டு. ஒவ்வொன்றிலும் ஒரு கடிதம், கூடவே குறியெழுத்துத் தாள் ஒன்று. மூன்று தாள்களையும் சேர்த்தால் 408 குறிகள் கொண்ட ஒரே செய்தி. அதை முதல் பக்கத்தில் போடவேண்டும், வெள்ளிக்கிழமை பிற்பகலுக்குள் போடவில்லையென்றால் வார இறுதியில் ஒரு டஜன் பேரைக் கொல்வேன் என்று மிரட்டல்.

அந்த ஆசிரியர் குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மாணவர்கள் இங்கே நிதானிக்க வேண்டும். போடலாமா? கொலைகாரனின் விளம்பர ஏஜென்டாக ஒரு பத்திரிகை ஆகலாமா? போடாமல் விட்டு, ஞாயிற்றுக்கிழமை யாராவது செத்துக் கிடந்தால்? எழுதியவன் உண்மையிலேயே கொன்றவனா, கிறுக்கனா? மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாமல் முதல் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. கடிகாரமோ ஓடுகிறது.

கிரானிக்கிள் தன் பங்கைக் கெடுவுக்கு மறுநாள், சனிக்கிழமை, வெளியிட்டது. நான்காம் பக்கத்தில். கூடவே வலேஹோ காவல் தலைவரின் கூற்றையும் போட்டது: இதை எழுதியவன்தான் கொலையாளி என்பதில் எங்களுக்கு உறுதி இல்லை, இன்னும் தகவல் எழுதி அனுப்பட்டும்.

எனக்கு இந்த நான்காம் பக்கம் ரொம்பப் பிடிக்கும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு: 'படணும், உறுத்தக் கூடாது.' கேட்டதைப் போட்டுவிட்டார்கள், கேட்ட இடத்தில் போடவில்லை. அத்தோடு ஐயாவின் கேள்வியைக் கொலையாளியிடமே திருப்பிக் கேட்டார்கள். யார் சொன்னது, நிரூபி. அவன் பதில் எழுதினான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் எக்சாமினருக்கு வந்த அந்தக் கடிதத்தில்தான் முதன்முதலாகத் தன்னை 'ஜோடியாக்' என்று அழைத்துக்கொண்டான். அந்த வார இறுதியில் மிரட்டியபடி டஜன் கொலை எதுவும் நடக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைப் பக்கத்தை முடித்துக் கொடுத்தவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்?

பெயரை அவனே வைத்துக்கொண்டான், பத்திரிகைகள் எடுத்துக்கொண்டன. நம் பத்திரிகைகள் இவ்விஷயத்தில் இன்னும் சோம்பேறிகள். யாராக இருந்தாலும் 'சைக்கோ கொலையாளி' என்று ஒரே பட்டம்.

குறியெழுத்தை உடைத்தது போலீசும் இல்லை, உளவுத்துறையும் இல்லை. சலினாஸ் என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவியும். டொனால்டு ஹார்டன், பெட்டி ஹார்டன். செய்தித்தாளைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து, ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டார்கள். பெட்டி அம்மாவின் ஊகம் எளிமையானது. இவ்வளவு தற்பெருமைக்காரன் 'நான்' என்றுதான் தொடங்குவான், கொல்வது என்ற சொல்லை அடிக்கடி எழுதுவான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முடியும் இடத்தில் 'எல்' எழுத்து இரட்டிக்கும். இரட்டைக் குறி எங்கே வருகிறது என்று தேடினார்கள். நாள்தோறும் குறுக்கெழுத்துப் போடுகிற நம் வீட்டுப் பெரியவர்களின் மூளைதான் அது. கடைசிப் பதினெட்டுக் குறிகளுக்கு மட்டும் பொருள் கிடைக்கவில்லை.

அக்டோபரில் அவன் நகரத்துக்குள்ளேயே வந்தான். சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ ஹைட்ஸ் பகுதியில் ஒரு டாக்சி ஓட்டுநர் சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பிள்ளைகள் பார்த்தார்கள், வெள்ளைக்காரன் என்று போலீசுக்குச் சொன்னார்கள். ஒயர்லெஸ்ஸில் போன தகவலில் அது கறுப்பினத்தவர் என்று மாறிப்போனது. அதே தெருக்களில் ஒரு வெள்ளைக்காரன் நடந்து போவதைப் பார்த்த ரோந்துக் காவலர்கள் இருவர் அவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவர்கள் பார்த்தவன்தான் கொலையாளியா என்று இன்றைக்கும் விவாதம். ஒரு சொல் மாறியதற்கு இந்த விலை. சில நாள் கழித்துக் கிரானிக்கிளுக்கு வந்த கடிதத்தில் அந்த ஓட்டுநரின் சட்டைத் துண்டு இருந்தது. இப்போது 'யார் சொன்னது' என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிப் பேருந்தைச் சுடுவேன் என்று அதே கடிதத்தில் எழுதியிருந்தான். பேருந்துகளுக்குப் பின்னால் போலீஸ் வண்டிகள் போயின. அப்படிப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் ஒருவன்தான், அப்போது ஏழு வயதான டேவிட் ஃபின்ச்சர்.

அதே மாதம் ஒரு காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு, நானே ஜோடியாக் என்று ஒருவன் போன் செய்து பிரபல வழக்கறிஞர் மெல்வின் பெல்லியோடு பேசினான். ஊரே பார்த்தது. பின்னால் விசாரித்தபோது அது மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளி. அடுத்த மாதமே, 340 குறிகள் கொண்ட இன்னொரு தாள் கிரானிக்கிளுக்கு வந்தது. இதை எந்த ஆசிரியராலும் உடைக்க முடியவில்லை. 51 ஆண்டுகள் கழித்து, 2020 டிசம்பரில், ஓர் அமெரிக்கர், ஓர் ஆஸ்திரேலியர், ஒரு பெல்ஜியர் என மூன்று பேர் கணினி வைத்து உடைத்தார்கள். அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? டிவியில் பேசியது நானல்ல என்ற மறுப்பு. கொலைகாரன் அனுப்பிய மறுப்புக் கடிதம்! மறுப்பு அச்சேற அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் அலுவலகங்களிலும் மறுப்புக்கு ஏறத்தாழ அதே வேகம்தான்.

சரி, துப்பறிந்த பத்திரிகையாளருக்கு வருகிறேன். இருவர். கிரானிக்கிளின் குற்றச்செய்தி நிருபர் பால் ஏவரி. 1970 அக்டோபரில் அவருக்கே கொலைமிரட்டல் வாழ்த்து அட்டை வந்தது. சக ஊழியர்கள் 'நான் பால் ஏவரி அல்ல' என்று சட்டையில் பட்டன் குத்திக்கொண்டு வலம் வந்தார்கள். பத்திரிகை அலுவலக நகைச்சுவை எந்த நாட்டிலும் இப்படித்தான், பயத்துக்கு அது ஒரு பூச்சு. மற்றவர் ராபர்ட் கிரேஸ்மித். நிருபரே இல்லை, அரசியல் கேலிச்சித்திரம் வரைபவர். யாரும் அவரிடம் இந்த வேலையைக் கொடுக்கவில்லை, இதற்குக் காசும் கொடுக்கவில்லை. எல்லோரும் களைத்து விலகிய பிறகும் அவர் விடவில்லை. 1986-இல் வந்த அவருடைய புத்தகம்தான் படத்துக்கு அடிப்படை.

படம் அவருடைய துப்பறிதலை எப்படிக் காட்டுகிறது? காகிதமாக. வலேஹோ நகரப் போலீசிடம் ஒரு கோப்பு, சொலானோ மாவட்ட ஷெரிஃபிடம் ஒன்று, நாப்பாவில் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஒன்று. ஒருவரிடம் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. இங்கே எல்லைத் தகராறில் எஃப்.ஐ.ஆர். அலைவதைப் பார்த்த நிருபர்களுக்கு அந்தக் காட்சிகள் புதிதாக இராது. கிரேஸ்மித் செய்ததெல்லாம் நான்கு ஊருக்கும் போய், கெஞ்சி, படித்து, நினைவில் வைத்து, வெளியே வந்து எழுதிக்கொண்டது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். துப்பாக்கி வெடிப்பதெல்லாம் முதல் பகுதியோடு முடிந்துவிடும். பிறகு அலமாரிகள், தொலைபேசிகள், மழை, தேதிகள். திரை கறுத்துப்போய் வெறும் பாட்டும் செய்தித் துணுக்குகளுமாக ஆண்டுகள் கழியும். டிரான்ஸ்அமெரிக்கா கோபுரம் நம் கண்முன்னே அடுக்கடுக்காக எழும்பி நிற்கும், வழக்கு மட்டும் நின்ற இடத்தில் நிற்கும்.

இதற்கு முன்னோடி 1976-இல் வந்த 'ஆல் தி பிரசிடென்ட்ஸ் மென்'. வாட்டர்கேட் ஊழலைத் தோண்டிய வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களின் கதை. இரண்டுக்கும் இசை ஒருவரே, டேவிட் ஷையர். ஃபின்ச்சர் வேண்டுமென்றே அவரை அழைத்தார். ஆனால் அந்தப் படத்தில் உண்மை கடைசியில் தந்தி அச்சில் தடதடவென்று வந்து விழும், பார்ப்பவர் நிம்மதியாக எழுந்து போகலாம். 'ஜோடியாக்'கில் அந்த நிம்மதி கிடையாது.

இப்போது, இந்தப் படத்தை ஐயாவின் பெயரிலுள்ள மேடைக்குக் கொண்டுவந்த காரணத்தைச் சொல்கிறேன். ஃபின்ச்சரின் குழு தாங்களே ஒன்றரை ஆண்டு போல இந்த வழக்கை மறுபடி விசாரித்தது. பிழைத்தவர்களைத் தேடிப் பார்த்தார்கள், கோப்புகளைப் படித்தார்கள். பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். உயிரோடு மீண்ட ஒருவரோ, கண்ணால் கண்ட ஒருவரோ சொல்லாத தாக்குதலைக் காட்டுவதில்லை. அதனால்தான் படம் 1969 ஜூலை 4-இல் தொடங்குகிறது. 1968 டிசம்பரில் நடந்த முதல் தாக்குதல் படத்தில் இல்லை. அந்த இரவில் இருந்த இருவருமே இறந்துவிட்டார்கள். எப்படி நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. எனவே காட்சி இல்லை. எந்த மசாலாப் படமும் முதலில் எடுக்க ஆசைப்படும் கொலை அது.

இன்னொன்று. கொலையாளியாக ஒரே நடிகர் வரவில்லை. ஒவ்வொரு சாட்சியும் சொன்ன உயரமும் உடம்பும் வேறுவேறாக இருந்ததால், ஆளையே மாற்றி மாற்றி நடிக்க வைத்திருக்கிறார்கள். சாதாரணமாகப் பார்ப்பவர் கவனிக்கமாட்டார். மெய்ப்புத் திருத்துபவர் கவனிப்பார்.

இனி சந்தேகத்துக்கு உள்ளானவர். படம் ஒருவரைச் சுட்டுகிறது, கிரேஸ்மித்தின் புத்தகமும் அவரையே சுட்டுகிறது. அவர் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்பீர்கள். அவர் மீது இந்தக் கொலைகளுக்காக ஒருநாளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை. 1992-இல் இறந்துவிட்டார். சந்தேகத்துக்குக் காரணங்கள் இருந்தன, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தின் பிராண்டே ஜோடியாக்தான். பிழைத்த ஒருவர் 1991-இல் அவருடைய புகைப்படத்தைத் தொட்டுக் காட்டினார். எதிர்ப்பக்கத்தில், கையெழுத்து பொருந்தவில்லை. 2002-இல் ஒரு கடித உறையின் தபால்தலையிலிருந்து எடுத்த அரைகுறை மரபணுவும் பொருந்தவில்லை. அவ்வளவு அரைகுறையை வைத்து விலக்கவும் மாட்டோம் என்றார்கள் சில புலனாய்வாளர்கள். படம் இதையெல்லாம் கடைசி எழுத்துகளில் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஆனால் இரண்டரை மணி நேரம் முகத்தைப் பார்த்தவன் கடைசி மூன்று வரியையா நினைவில் வைத்திருப்பான்? படத்தின் மேல் எனக்குள்ள ஒரே மனக்குறை இது.

படத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய காட்சியில் குற்றமே இல்லை. கிரேஸ்மித் ஒரு தகவலுக்காகப் பழைய சினிமாத் தியேட்டர்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போகிறார். சுவரொட்டியில் உள்ள கையெழுத்து தன்னுடையது என்று அந்த மனிதர் சாதாரணமாகச் சொல்கிறார். வீட்டுக்கு அடியில் நிலவறை இருக்கிறது, வாருங்கள் என்கிறார். மேலே யாரோ நடப்பதுபோல் பலகை கிறீச்சிடுகிறது. கிரேஸ்மித் தலைதெறிக்க ஓடி வருகிறார். அந்த மனிதர் ஒன்றுமே செய்யவில்லை. நாமும் நிருபரும் சேர்ந்து, ஐந்தே நிமிடத்தில், எந்தச் சாட்சியும் இல்லாமல் ஒருவரைக் கொலைகாரராக்கிவிட்டோம். நான் பார்த்த தியேட்டரில் பின்வரிசைப் பையன், "டேய், இவன்தான்டா!" என்று கத்தினான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, ஒப்புக்கொள்கிறேன்.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் டேவ் டோஸ்கி நல்ல அதிகாரி என்று பெயரெடுத்தவர். அவரையும் கடிதம்தான் கவிழ்த்தது. ஒரு பத்தி எழுத்தாளருக்குத் தன்னைப் புகழ்ந்து தானே பொய்ப்பெயரில் கடிதம் எழுதியது 1978-இல் வெளியாகிக் கொலைப் பிரிவிலிருந்து மாற்றப்பட்டார். அந்த ஆண்டு வந்த ஒரு ஜோடியாக் கடிதத்தையும் அவர்தான் எழுதினார் என்று பேச்சு கிளம்பியது, விசாரணையில் இல்லையென்று ஆயிற்று. கொலையாளி, போலீஸ், விசிறி, பைத்தியம் எல்லோரும் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டே இருந்தார்கள். வந்த உறையைப் பிரிக்கிறவருக்குத்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

தென்கொரியாவின் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, நிறையப் பேர். அந்தப் படத்துக்கு மூலமான ஹ்வாசோங் கொலைகளில் 2019-இல் மரபணு மூலம் ஆள் தெரிந்துவிட்டது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அவற்றில் ஒரு கொலைக்காக வேறொருவர் ஏறத்தாழ இருபது ஆண்டு சிறையில் இருந்திருக்கிறார். 2020 டிசம்பரில் மறுவிசாரணை செய்து அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தார்கள். தண்டித்தபோது எல்லோரும் உறுதியாகத்தான் இருந்திருப்பார்கள்.

என் கதை ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். பத்திரிகையின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். நான் டெஸ்க்கில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஒரு தோப்பில் கொலை. மூன்றாம் நாள் ஒரு கூலித் தொழிலாளியைப் பிடித்தார்கள். நான் தலைப்புப் போட்டேன்: 'தோப்புக் கொலையாளி சிக்கினான்'. முதல் பக்கம், படத்தோடு. மெய்ப்பு திரும்பி வந்தபோது 'கொலையாளி' மேல் சிவப்பு வட்டம், ஓரத்தில் அந்தக் கேள்வி. அச்சுக்கு ஃபாரம் ஏறப் பத்து நிமிடம் இருந்தது. 'தோப்புக் கொலை வழக்கில் ஒருவர் சிக்கினார்' என்று மாற்றினால் தலைப்பு பத்திக்குள் அடங்கவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து அந்த மனிதர் அலுவலகத்துக்கு வந்தார். வேறு ஆட்கள் பிடிபட்டு, இவரை விட்டுவிட்டார்கள். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன எங்கள் முதல் பக்கம் கையில் இருந்தது. கோபமே இல்லை. "இன்னொரு தடவை போடணும் சார், அவன் இல்லைன்னு" என்றார். செய்தி ஆசிரியர் ஏழாம் பக்கத்தில் மூன்று வரி ஒதுக்கினார். அந்த மூன்று வரியை ஐயா மூன்று தடவை படித்துப் பார்த்துத்தான் அச்சுக்கு விட்டார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை அந்த மனிதர் மறுபடி வந்தார். பேப்பரை விரித்து ஏழாம் பக்கத்தில் இடம் காட்டினேன். விரலால் அழுத்திப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து மேஜைமேல் எண்ணி வைத்தார்.

"இன்னும் ரெண்டு பேப்பர் கிடைக்குமா சார்? சம்பந்தி வீட்டுக்கு ஒண்ணு அனுப்பணும்."